சுமை இறக்க ஒரு கல்

இந்தியாவின் மிகப் பெரிய மருத்துவமனைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. அங்கே ஷிப்ட் முறை இல்லை. வார விடுமுறை, சம்பளம், பென்ஷன் எதுவும் இல்லை. ஊழியர்களுக்கு யாரும் பயிற்சி தந்ததில்லை. பெரும்பாலோர் அந்த வேலைக்கு விண்ணப்பித்ததுகூட இல்லை. ஒரு நாள் காலையில் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. அல்லது, பிறந்த குழந்தைக்கு மூளை முடக்குவாதம் என்று டாக்டர் சொன்னார். அல்லது, நாற்பது வருடமாகப் பால் வாங்கப் போகிற கணவர் வழி தெரியாமல் மூன்று தெரு தள்ளி நின்றுகொண்டிருந்தார். அன்றே பணியில் சேர்ந்தாகிவிட்டது. அந்த மருத்துவமனைக்கு வீடு என்று பெயர்.

அதன் அளவைக் கொஞ்சம் ஊகிக்கலாம். அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகளின் எண்ணிக்கை 2.68 கோடி. பக்கவாதத்தில் படுத்தவர்கள், முற்றிய புற்றுநோயாளிகள், வருடக்கணக்கில் மனநோயோடு வாழ்பவர்கள் எனப் பட்டியல் நீளும். இவர்களில் எல்லோருக்கும் முழு நேரத் துணை தேவையில்லை. தேவைப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தத் துணை வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒருவர்தான். அநேகமாக ஒரே ஒருவர். அநேகமாகப் பெண்.

இது வெறும் அபிப்பிராயம் இல்லை. இந்தியர்கள் நாளைப் பொழுதை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசு 2024இல் எடுத்த கணக்கின்படி, 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் ஈடுபட்டார்கள். ஆண்களில் 21.4 சதவீதம். ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்கு 140 நிமிடம். ஆண்கள் 74 நிமிடம். குழந்தை வளர்ப்பும் இதில் அடக்கம். படுக்கையில் கிடப்பவர் உள்ள வீட்டில் இந்த நிமிடக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. அங்கே இரவு பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும்கூட வேலை உண்டு.

வேலை என்னவென்று வெளியே நிற்பவர்களுக்குத் தெரியும். குளிப்பாட்ட வேண்டும், உடை மாற்ற வேண்டும், மலஜலம் சுத்தம் செய்ய வேண்டும். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். விழுங்க முடியாதவருக்கு மூக்கில் போட்ட குழாய் வழியாகக் கஞ்சி ஊற்ற வேண்டும். முதுகு வலிக்கும், தூக்கம் கெடும். ஆனால் பார்த்துக்கொள்பவர்கள் மனம் திறந்து பேசும்போது முதலில் சொல்வது முதுகு வலியை அல்ல. இந்தப் பாரத்தின் கனமான பகுதி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

மறதி நோயையே எடுத்துக்கொள்ளலாம். சாப்பிட்டு முடித்த அரை மணி நேரத்தில் பெரியவர் மறுபடி சாப்பாடு கேட்கிறார். ‘இப்போதுதானே சாப்பிட்டீர்கள்?’ என்றால் கோபம் வருகிறது. மாலையில் அக்கம்பக்கத்தார் வரும்போது, மருமகள் தன்னைப் பட்டினி போடுவதாக அவர் கண்ணீரோடு சொல்கிறார். சங்கிலியை எங்கோ வைத்துவிட்டு மகள் திருடிவிட்டாள் என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மூளையில் மதியச் சாப்பாட்டின் பதிவே இல்லை. ஆனால் வந்தவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் பரிதாபமாகப் பெரியவரையும், வேறு மாதிரியாக மருமகளையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அந்தப் பார்வையை ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். மனநல மருத்துவர்களான விக்ரம் பட்டேலும் மார்ட்டின் பிரின்ஸும் கோவாவில் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், அங்குள்ள மக்கள் மறதி நோயை ஒரு வியாதியாகவே கருதவில்லை என்று தெரிந்தது. வயதானால் வருவது என்றார்கள். இன்னொரு காரணமும் சொன்னார்கள்: பிள்ளைகளின் அன்பின்மை, புறக்கணிப்பு. இரவு பகலாகக் கவனிக்கும் குடும்பமே நோயை உண்டாக்கிய குற்றவாளி! கேரளத்தில் டாக்டர் கே.எஸ். ஷாஜியும் சக ஆய்வாளர்களும் இந்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் 17 பேரிடம் விரிவாகப் பேசி 2003இல் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. பெரும்பாலோர் பெண்கள். நோயின் அறிகுறிகளைப் பெரியவரின் வேண்டுமென்றே செய்யும் அடம் என்று குடும்பங்கள் எடுத்துக்கொண்டிருந்தன. இது நோய் என்று எடுத்துச்சொல்ல யாரும் வந்திருக்கவில்லை. ஊர் மருமகளைக் குறை சொன்னது. மருமகள் மாமனாரைக் குறை சொன்னாள். யார் மீதும் குறை இல்லாத ஒரு நோய் இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது.

இன்னொரு துக்கம் இருக்கிறது. அதற்குச் சடங்கு இல்லை. கணவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்ட, சண்டை போட்ட, சம்பளக் கவரைக் கொண்டுவந்து கையில் கொடுத்த அந்த மனிதர் போய்விட்டார். இறந்திருந்தால் பத்தாம் நாள், பதினாறாம் நாள் என்று உறவினர்கள் வந்து துக்கத்தைப் பங்கு போட்டிருப்பார்கள். உயிரோடிருக்கும்போது ஏற்படும் இழப்புக்கு யார் துக்கம் விசாரிக்க வருவார்கள்? அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்று குறிப்பிட்டார். ஆள் இருக்கிறார், ஆனால் இல்லை. அழவும் முடிவதில்லை, அழாமல் இருக்கவும் முடிவதில்லை.

இதோடு கோபமும் சேர்கிறது. மூன்றாவது முறை படுக்கையை நனைத்த தாயிடம் மகள் குரலை உயர்த்திவிடுகிறாள். அடுத்த நிமிடம் குற்ற உணர்ச்சி. ‘இப்படிக் கஷ்டப்படுவதற்கு சீக்கிரம் போய்ச்சேர்ந்தால் நல்லது’ என்று ஒரு கணம் தோன்றுகிறது. அது தாயின் கஷ்டத்தை எண்ணி வந்ததா, தன் கஷ்டத்தை எண்ணி வந்ததா என்று பிரிக்கத் தெரியாமல் அன்றிரவு தூக்கம் போகிறது. இந்த எண்ணம் வராத பராமரிப்பாளர் அபூர்வம் என்று மனநல மருத்துவர்களுக்குத் தெரியும். ஆனால் பார்த்துக்கொள்பவருக்குத் தெரியாது. உலகத்தில் தனக்கு மட்டுமே இப்படி ஒரு பாவ எண்ணம் வந்திருப்பதாக நினைத்து அதை உள்ளே பூட்டிவைக்கிறார். தாய், தந்தை, கணவன் என்ற சொற்களுக்கு நம் ஊர்களில் இருக்கும் புனிதம் அந்தப் பூட்டை இன்னும் இறுக்குகிறது. ‘சேவை செய்யக் கொடுத்துவைத்திருக்கிறாய்’ என்று பாராட்டுகிறவர்களிடம் ‘எனக்குத் தாங்கவில்லை’ என்று எப்படிச் சொல்வது?

அந்தப் பாரத்தை அளக்கவும் ஒரு கருவி இருக்கிறது. ஸ்டீவன் ஜாரிட்டும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் 1980இல் உருவாக்கிய கேள்வித்தாள் அது. இப்போது பரவலாகப் பயன்படும் வடிவத்தில் 22 கேள்விகள். உங்களுக்கென்று நேரம் இருக்கிறதா, அவர் நடந்துகொள்வது கூச்சத்தைத் தருகிறதா, பக்கத்தில் இருக்கும்போது கோபம் வருகிறதா, இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்று தோன்றுகிறதா என்பது போன்ற கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாத நம் குடும்பங்களில் இந்த 22 கேள்விகளைக் கேட்பதே ஒரு சிகிச்சைதான். கேட்கும்வரை பதில் இருப்பது யாருக்கும் தெரிவதில்லை.

பாரம் மனதோடு நிற்பதில்லை. ரிச்சர்ட் ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும் அமெரிக்காவில் 66 முதல் 96 வயது வரையிலான கணவன் மனைவியரைச் சுமார் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள். துணையைப் பராமரித்து, அதனால் மன உளைச்சலும் அடைந்தவர்கள் இறக்கும் அபாயம், பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. இந்த எண்ணைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே ஆய்வின் இன்னொரு முடிவைக் காட்டுவோர் குறைவு. பராமரித்தும் உளைச்சல் அடையாதவர்களுக்கு அந்தக் கூடுதல் அபாயம் தென்படவில்லை. ஆக, கொல்வது பராமரிப்பு அல்ல. இளைப்பாற இடமில்லாத பராமரிப்பு.

இங்கேதான் ஒரு பழைய தவறான கருத்தை எடுத்துப்போட வேண்டியிருக்கிறது. சிலரால் தாங்க முடிகிறது, சிலரால் முடியவில்லை. தாங்குபவர்களுக்குப் பூமாதேவியின் பொறுமை என்கிறோம். பிறவிக் குணம் என்கிறோம். பக்கத்தில் போய்ப் பார்த்தால் தாங்குபவர்களிடம் பெரும்பாலும் வேறு சில விஷயங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மதியம் நான்கு மணி நேரம் வந்து உட்காரும் ஒரு தங்கை. இது நோய், அடம் இல்லை என்று விளக்கிச் சொன்ன ஒரு டாக்டர். மாதாமாதம் தவறாமல் பணம் அனுப்பும் ஒரு அண்ணன். தன்னைப் போலவே இன்னொரு வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்ற செய்தி. பொறுமை இந்த ஏற்பாடுகளின் மீது நிற்கிறது. ஏற்பாடுகளை எடுத்துவிட்டால் எந்தப் பூமாதேவியும் ஒரு நாள் உடைந்துபோவாள்.

குடும்பத்தைப் பராமரிப்புக்குள் முறையாகக் கொண்டுவந்த பெருமை இந்தியாவுக்கு உண்டு. 1950களில் மேலை நாடுகளில் மனநோய்க்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்ற கொள்கை செல்வாக்கோடு இருந்தது. குடும்பத்தை நோயாளியிடமிருந்து தள்ளிவைத்தார்கள். அதே காலத்தில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நேர்மாறாகச் செய்தார். நெரிசலான மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து உறவினர்களை நோயாளியோடு தங்கவைத்தார். அவர்களுக்கு நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். நோயாளிகள் விரைவாக வீடு திரும்பினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் 1950களின் இறுதியிலிருந்தே குடும்பத்தினர் உடன் தங்கும் முறையைக் கடைப்பிடித்தது. பின்னால் பெங்களூர் நிம்ஹான்ஸிலும் குடும்ப வார்டு வந்தது. உலகம் பின்னர் பாராட்டிய யோசனை இது.

ஆனால் அமிர்தசரஸ் கூடாரத்தில் மூன்று விஷயங்கள் இருந்தன. குடும்பம் இருந்தது. கூப்பிடு தூரத்தில் டாக்டர் இருந்தார். பக்கத்துக் கூடாரத்தில் அதே கஷ்டத்தில் இன்னொரு குடும்பம் இருந்தது. நாடு அந்தப் பாடத்தில் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டது. குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி, மற்ற இரண்டையும் விட்டுவிட்டது.

சட்டங்களைப் புரட்டினால் இது புரியும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கைவிடுபவருக்குத் தண்டனை வேண்டியதுதான். பத்து வருடம் கைவிடாமல் சுமந்தவருக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஒரு படி மேல். சம்பளம் வாங்கியோ வாங்காமலோ பராமரிக்கும் பெற்றோரும் குடும்பத்தினரும் பராமரிப்பாளர் என்று அது வரையறுக்கிறது. அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை தரும் திட்டத்தையும் குறிப்பிடுகிறது. ஆனால் அரசின் பொருளாதாரச் சக்தியின் எல்லைக்குள் என்ற நிபந்தனையோடு. பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்த எல்லை இன்னும் கண்ணுக்கு எட்டவில்லை.

மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு சிறு நிம்மதி உண்டு. ஊனமுற்ற பிள்ளையைப் பராமரிக்கும் ஊழியரை வழக்கமான சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்கலாம் என்று 2014 ஜூனில் உத்தரவு வந்தது. ஊருக்கு ஊர் மாறும் வேலையில் இருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். பழகிய சிறப்புப் பள்ளி, பழகிய டாக்டர், பழகிய பக்கத்து வீடு எல்லாவற்றையும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இழக்காமல் இருப்பது பெரிய விஷயம். தனியார் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கும் கூலித் தொழிலாளிக்கும் இந்த வசதி இல்லை. எழுபது வயதான எல்லோருக்கும் வருடம் ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக் காப்பு என்று 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் விரிந்தது. அதுவும் ஆஸ்பத்திரிப் படுக்கைக்குத்தான். வீட்டுப் படுக்கைக்கு இல்லை. டயப்பர், தண்ணீர்ப் படுக்கை, இரவு ஆயா, விட்டுப்போன வேலையின் சம்பளம் எல்லாம் குடும்பத்தின் கணக்கு.

என்ன செய்ய முடியும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். 10/66 என்று அதற்கு விசித்திரமான பெயர். மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்ற குறையைப் பெயரிலேயே சொன்ன குழு. அதன் வழியில் வந்த ஒரு சோதனையை டாக்டர் அமித் டயஸும் சக மருத்துவர்களும் கோவாவில் நடத்தி 2008இல் வெளியிட்டார்கள்.

மொத்தம் 81 குடும்பங்கள். பாதிக்கு உடனே உதவி. மற்றவர்களுக்கு ஆறு மாதம் கழித்து. உதவி என்றால் புதிய மருந்தோ பெரிய கட்டிடமோ இல்லை. உள்ளூர் மொழி தெரிந்த, பள்ளிப் படிப்பை முடித்த, மனிதர்களோடு பழகத் தெரிந்தவர்களைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரம் பயிற்சி தந்தார்கள். அவர்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது வீட்டுக்குப் போனார்கள். இது என்ன நோய் என்று விளக்கினார்கள். அடம் பிடித்தால் என்ன செய்வது, இரவில் எழுந்து நடந்தால் என்ன செய்வது என்று சொன்னார்கள். உறவினர்களை வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும்படி பேசினார்கள். அரசு உதவித்தொகைக்கு வழி காட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்த்துக்கொள்பவர் சொல்வதை உட்கார்ந்து கேட்டார்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரை அழைத்தார்கள். ஆறு மாதத்தில் நோயாளியின் நினைவு திரும்பவில்லை. திரும்பாது. ஆனால் பார்த்துக்கொள்பவர்களின் மன உளைச்சல் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது.

இந்த முடிவை மேலதிகாரிகள் மேஜையில் கண்ணாடிக்கு அடியில் வைக்கலாம். ஒரு வாரப் பயிற்சி, ஒரு பஸ் டிக்கெட், பதினைந்து நாளுக்கு ஒரு மணி நேரம். நாட்டில் தாய் சேய் நலத்துக்காக வீடு வீடாகப் போகிற கிராம ஊழியர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் முதுகில் இன்னொரு சுமையை இலவசமாக ஏற்றுவது நியாயமில்லை. தனி ஊதியத்தோடு தனி ஆட்களைப் போடுவது முடியாத காரியமும் இல்லை.

முடியும் என்று பெரிய அளவில் காட்டியது கேரளம். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி நிவாரணத்துக்காக ஒரு சங்கம் தொடங்கியது. புற்றுநோயாளியின் வலியைக் குறைப்பது நோக்கம். வீடுகளுக்குப் போகத் தொடங்கியதும் டாக்டர்களுக்கு ஒன்று புரிந்தது. மருந்து கொடுக்கும் நேரம் வாரத்தில் அரை மணி. மிச்ச நேரமெல்லாம் குடும்பத்தின் கையில். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்க அக்கம்பக்கத்தார்தான் முடியும். மலப்புறம், கோழிக்கோடு பகுதிகளில் ஆசிரியர்கள், கடைக்காரர்கள், கல்லூரி மாணவர்கள், இல்லத்தரசிகள் பயிற்சி பெற்றுத் தொண்டர்களானார்கள். புண்ணைத் துடைத்துக் கட்டவும், சிறுநீர்க் குழாயைக் கவனிக்கவும் நர்ஸ். பேசவும், ரேஷன் வாங்கித் தரவும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வழி தேடவும் தொண்டர். புற்றுநோயில் தொடங்கியது பக்கவாதம், தண்டுவடக் காயம், முதுமைத் தளர்ச்சி என்று விரிந்தது. 2008இல் மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. இந்திய மாநிலங்களில் அதுவே முதல். பஞ்சாயத்துகள் நர்ஸை நியமித்து வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கின.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கே மாத உதவித்தொகை தரும் ஆஸ்வாசகிரணம் திட்டமும் கேரளத்தில் வந்தது. பின்னர் அது 600 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தப் பணம் பல மாதங்கள் நிலுவையில் நின்று, குடும்பங்கள் குமுறியதும் உண்டு. 600 ரூபாய் இரண்டு நாள் ஆயா கூலிக்குக்கூடப் போதாது என்பதும் உண்மை. ஆனாலும் ஒரு விஷயத்தில் அது முன்னோடி. நோயாளியின் பெயரைத் தவிர இன்னொரு பெயரும் அரசின் பதிவேட்டில் ஏறியது. அந்தப் பெயருக்கும் தேவைகள் உண்டு என்று ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஊனமுற்ற பிள்ளைகளின் பெற்றோருக்கு இதில் தனிக் கவலை. முதியவரைப் பார்த்துக்கொள்பவர் என்றாவது ஒருநாள் ஓய்வு பெறுவார். மூளை முடக்குவாதமோ ஆட்டிசமோ உள்ள மகனின் தாய்க்கு அந்த முடிவு கிடையாது. அவருக்கு எழுபது வயதாகும்போது பிள்ளைக்கு நாற்பது. தூக்கிக் குளிப்பாட்டும் கை நடுங்க ஆரம்பிக்கிறது. ‘எங்களுக்குப் பிறகு யார்?’ என்ற கேள்வி தினமும் படுக்கையில் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. பெற்றோர்கள் பல வருடம் கேட்டுப் போராடியதன் விளைவாக 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் பதினெட்டு வயதைக் கடந்த பிறகும் அவர்களுக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்க மாவட்டந்தோறும் குழு அமைக்க அது வழி செய்தது. கலெக்டர் அந்தக் குழுவில் இருப்பார். குடும்பம் சில நாள் மூச்சுவிடப் பிள்ளையைத் தங்கவைக்கும் இல்லங்களுக்கும் திட்டம் போட்டார்கள். கையெழுத்துப் போடப் பாதுகாவலர் கிடைக்கிறார். சாப்பாடு ஊட்டும் கை எது என்ற கேள்விக்கு, தேவைக்குப் போதுமான இல்லங்கள் நாட்டில் இன்னும் இல்லை.

அரசு வரட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் குடும்பங்கள் தங்களுக்குள் சரிசெய்யக்கூடியவை நிறைய. முதலாவது, பங்கீடு. நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டிலும் பொறுப்பு ஒரு தலையில்தான் விடிகிறது. கல்யாணமாகாத மகள், அல்லது வேலைக்குப் போகாத மருமகள், அல்லது பூர்வீக வீட்டிலேயே தங்கிவிட்ட மகன். டெல்லியிலும் துபாயிலும் இருக்கும் மற்றவர்கள் தினமும் வீடியோவில் வந்து ‘அம்மா ஏன் இளைத்துப்போயிருக்கிறாள்?’ என்று கேட்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை பத்து நாள் வந்து, மருந்து அட்டவணையில் குற்றம் கண்டுபிடித்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பத்து நாளும் அவர்கள் தாயோடு தனியாக இருந்து, அண்ணியை எங்காவது அனுப்பிவைத்தால் போதும். ஆலோசனை சொல்லும் தேவை தானாகவே குறைந்துவிடும்.

இரண்டாவது, பணம். தூரத்தில் இருப்பவர் கையால் செய்ய முடியாததைப் பையால் செய்யலாம். ஆனால் அது எப்போதாவது அனுப்பும் அன்பளிப்பாக இருந்தால் பார்த்துக்கொள்பவர் ஒவ்வொரு முறையும் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். மாதம் இவ்வளவு என்று பேசி முடிவு செய்த தொகை கௌரவமானது. பார்த்துக்கொள்பவர் வேலையை விட்டிருந்தால் அவருடைய பிற்காலத்துக்கும் அதில் ஒரு பங்கு இருக்க வேண்டும். சொத்துப் பிரிக்கும் நாளில் இதைப் பேசினால் சண்டையாகும். முதல் மாதத்தில் பேசினால் ஏற்பாடாகும்.

மூன்றாவது, கூச்சத்தை விடுவது. வீட்டில் மனநோயாளி இருப்பதை, மறதி நோயாளி இருப்பதை மறைக்க மறைக்க உதவிக்கு வரக்கூடியவர்களின் எண்ணிக்கை குறைகிறது. 1992இல் கேரளத்தில் தொடங்கிய அல்சைமர் நோயாளிகளுக்கான இந்திய சங்கம் போன்ற அமைப்புகள் குடும்பங்களை ஒன்றாக உட்காரவைக்கின்றன. அப்படி ஒரு கூட்டத்தில் ஒருவர் தன் ‘பாவ எண்ணத்தை’ சொல்லிவிட்டால் அறையிலுள்ள மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். வருடக்கணக்காக இருந்த பூட்டு அங்கே திறக்கிறது. அருகில் சங்கம் இல்லாதவர்களுக்குத் தொலைபேசி இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. தமிழ் உட்படப் பல மொழிகளில் பேசலாம். முதியோர் விஷயங்களுக்கு 14567. நோயாளிக்காக மட்டுமல்ல, பார்த்துக்கொள்பவர் தனக்காகவும் இந்த எண்களில் கூப்பிடலாம். தொடர்ந்து தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, சாப்பாட்டில் வெறுப்பு, நோயாளி மீது கை ஓங்கிவிடுவோமோ என்ற பயம் வந்தால் கூப்பிட்டே ஆக வேண்டும்.

டாக்டர்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. நோயாளியின் சீட்டை எழுதி முடித்த பிறகு பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து ‘நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? தூங்குகிறீர்களா?’ என்று கேட்க இரண்டு நிமிடம் ஆகும். அந்தக் கேள்வியை வருடக்கணக்காக யாரும் கேட்காத பெண்கள் வெளியே வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

பராமரிப்பு முழுக்க இருட்டும் அல்ல. பேசாத மகன் ஒரு நாள் கையைப் பிடித்துக்கொண்டது, யாரையும் தெரியாத தாய் பழைய பாட்டை முழுதாகப் பாடியது, அவசரக்காரன் என்று பெயரெடுத்த தான் இவ்வளவு நிதானமாக மாறியது என்று சொல்லச் சொல்ல முகம் மலரும் பராமரிப்பாளர்கள் நிறைய. பெரும்பாலோர் இந்தப் பொறுப்பிலிருந்து தப்பிக்க விரும்பவில்லை. அவர்கள் கேட்பது கொஞ்ச நேரம்தான். ஒரு கல்யாணத்துக்குப் போய்வர, தன் பல் வலிக்கு டாக்டரைப் பார்க்க, கதவைச் சாத்திக்கொண்டு ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்க.

தமிழ்நாட்டின் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. இரண்டு கல் தூண்கள், மேலே குறுக்காக ஒரு பலகைக் கல். கர்ப்பத்தோடு இறந்த பெண்களின் நினைவாக ஊரார் நட்டவை. தலைச்சுமையோடு தனியாக நடந்துவருபவர் யார் துணையும் இல்லாமல் சுமையை இறக்கிவைத்து, இளைப்பாறி, மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு போகத் தோதான உயரம். சுமையை வேறொருவர் வாங்கிக்கொள்வார் என்று அந்தக் கல் வாக்களிக்கவில்லை. நடப்பவர்தான் நடந்தாக வேண்டும். ஆனால் இத்தனை தூரம் நடப்பவருக்கு நடுவில் ஓர் இடம் வேண்டும் என்று அந்த ஊர் யோசித்திருக்கிறது. சொந்தச் செலவில் கல்லும் நட்டிருக்கிறது. பக்கத்து வீட்டில் யாராவது பல வருடமாகப் படுக்கையில் இருந்தால், அந்த வீட்டின் கதவைத் தட்டி, ‘அக்கா, நான் மூன்று மணி நேரம் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் வெளியே போய்விட்டு வாருங்கள்’ என்று சொல்ல எந்தச் சட்டமும் தேவையில்லை.